ஜப்பானியப் பெண்களும் உடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானைப் பற்றிப் பேச்சு வந்தாலே பெண்களின் உடை பற்றிய கேள்வியும் கூடவே வந்துவிடும். கிமோனோ, பள்ளிக்கூட யூனிஃபார்ம், டோக்கியோவின் ஹராஜுகு பகுதிப் பொம்மை கவுன், கறுப்பு சூட்டில் வேலை தேடும் பெண்கள் என்று ஒவ்வொருவர் மனதில் ஒவ்வொரு படம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்துக்கொண்டு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். "பெண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்" என்று அங்கே சொல்லப்படும் பலவற்றுக்கும் ஒரு காலமும், அதைச் சொல்லிவைத்த ஆட்களும் உண்டு. அதனால் முடிந்த இடத்திலெல்லாம் யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அடக்கமும் அமைதியுமான ஜப்பானியப் பெண் என்பது ஆயிரம் வருஷத்துப் பழக்கம்தானே?

பெரும்பகுதி அப்படியில்லை. இன்று 'மரபு' என்று சொல்லப்படும் பெண்மையின் அச்சு மெய்ஜி காலத்தில், அதாவது 1868க்குப் பிறகு, வார்க்கப்பட்டது. 'ர்யோசாய் கெம்போ', நல்ல மனைவி, அறிவுள்ள தாய் என்ற கொள்கையைப் பெண் கல்வியின் இலக்காக அரசு வைத்தது. இங்கிலாந்துக்குப் போய்வந்த நகமுரா மசநாவோ போன்ற சீர்திருத்தவாதிகள் 1870களில் பேசத் தொடங்கிய எண்ணம் இது. நாடு முன்னேற நல்ல தாய்மார் வேண்டும் என்றார்கள். 1899இல் பெண்கள் உயர்நிலைப் பள்ளிச் சட்டம் வந்தபோது தையல், வீட்டு நிர்வாகம், ஒழுக்கம் எல்லாம் பாடத்திட்டமாகவே ஆகிவிட்டன.

அதற்கு முன்பு வயலில் இறங்கி நாற்று நட்ட பெண்ணுக்கும், பட்டுப்புழு வளர்த்த பெண்ணுக்கும், சாமுராய் வீட்டுப் பெண்ணுக்கும் ஒரே நடைமுறை இருந்ததில்லை. மேல்தட்டுக்குரிய ஒழுங்கு பள்ளிக்கூடம் வழியாக எல்லோருக்கும் பொதுவானது.

பேச்சிலும் இதுதான் நடந்தது. நாவல்களிலும் டப்பிங் படங்களிலும் 'நளினமான பெண் பேச்சு' என்று இன்று வரும் சில வாக்கிய முடிவுகள், மெய்ஜி காலப் பள்ளி மாணவிகள் தங்களுக்குள் பேசியவை. அப்போது பத்திரிகைகள் அதைக் கொச்சை என்று திட்டின. அந்தக் கொச்சைதான் இரண்டு தலைமுறைக்குள் பெண்மையின் இலக்கணமாகிவிட்டது.

பெண்கள் பற்களைக் கறுப்பாக்கிக்கொண்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. இரும்புத் துண்டுகளைப் புளிக்காடியில் ஊறவைத்த கரைசலையும், ஒரு மரத்தில் பூச்சி கட்டும் முடிச்சை அரைத்த பொடியையும் மாறி மாறிப் பல்லில் பூசுவார்கள். பளபளவென்று மை போல ஏறும். எடோ காலத்தில் (1603 முதல் 1868 வரை) பெரும்பாலும் கல்யாணமான பெண்ணின் அடையாளம் அது. குழந்தை பிறந்ததும் புருவத்தையும் மழித்துவிடும் வழக்கம் பரவலாக இருந்தது. வெள்ளைப் பல்லோடு கல்யாணமான பெண் வெளியே வந்தால் ஊர் பேசும்.

1873இல் பேரரசி ஷோகென் பல் கறுப்பாக்குவதையும் புருவம் மழிப்பதையும் விட்டுவிட்டார். அதன் பிறகு நகரங்களில் வழக்கம் தேய ஆரம்பித்தது. கிராமங்களில் இன்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது. அழகு எது, அசிங்கம் எது என்பது ஒரு தலைமுறைக்குள் தலைகீழானதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆண்கள் கோட்டு சூட்டுக்கு மாறியபோது பெண்கள் மட்டும் ஏன் கிமோனோவிலேயே இருந்தார்கள்?

மாறச் சொன்னது ஆண்களை மட்டும்தான். 1871இல் ஆண்கள் குடுமியை எடுத்துக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. அதைப் பார்த்துச் சில பெண்களும் கூந்தலை வெட்டிக்கொண்டார்கள். உடனே 1872இல் டோக்கியோவில் பெண்கள் முடி வெட்டத் தடை வந்தது. ஆணின் உடல் நவீன நாட்டைக் காட்ட வேண்டும், பெண்ணின் உடல் பழைய நாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்ற பங்கீடு அங்கேயே தொடங்கிவிட்டது.

மேல்தட்டில் மட்டும் கதை வேறு. 1883இல் திறக்கப்பட்ட ரொகுமெய்கான் மாளிகையில் வெளிநாட்டுத் தூதர்களோடு நடனமாட அமைச்சர்களின் மனைவியர் கவுன் அணிந்தார்கள். 1887இல் பேரரசி, பெண்கள் மேற்கத்திய உடை அணியலாம் என்று எழுதிய குறிப்பில் ஒரு வாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்: பண்டைய ஜப்பானில் பெண்கள் மேல்சட்டையும் பாவாடையும்தான் அணிந்தார்கள், ஆகவே இந்தப் புதுசுதான் நிஜமான பழசு என்றார். உள்நாட்டுத் துணியிலேயே தைத்துக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

தெருவில் நிலைமை என்ன என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1925 கோடையின் தொடக்கத்தில் கோன் வாஜிரோ என்ற ஆய்வாளர் தன் குழுவோடு டோக்கியோவின் கின்சா வீதியில் நின்று, போகிற வருகிறவர்களின் உடையை எண்ணினார். ஆண்களில் 67 சதவீதம் மேற்கத்திய உடை. பெண்களில் 1 சதவீதம். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்த 'மோகா', அதாவது குட்டை முடியும் முட்டிவரை ஸ்கர்ட்டுமாகத் திரிந்த நவநாகரிகப் பெண், உண்மையில் அவ்வளவு அபூர்வம். இருந்தும் அவளைக் கண்டு ஊரே பதறியது.

கடைத் தீ விபத்தில், உள்ளாடை அணியாத பெண்கள் வெட்கப்பட்டுக் குதிக்காமல் இறந்தார்களாமே?

இது இணையத்தில் ஓயாமல் சுற்றும் கதை. 1932 டிசம்பர் 16 அன்று டோக்கியோ நிஹோன்பாஷியில் ஷிரோகியா டிபார்ட்மென்ட் ஸ்டோர் தீப்பிடித்ததும், 14 பேர் இறந்ததும் உண்மை. கயிற்றைப் பிடித்து இறங்கிய விற்பனைப் பெண்கள், காற்றில் கிமோனோ பறந்ததும் ஒரு கையால் அதை அமுக்கப்போய் விழுந்தார்கள் என்பதும், அதன் பிறகே ஜப்பானியப் பெண்கள் உள்ளாடைக்கு மாறினார்கள் என்பதும்தான் கதை.

பண்பாட்டு வரலாற்றாசிரியர் இனோவே ஷோயிச்சி அந்தக் காலச் செய்திகளையெல்லாம் புரட்டிப் பார்த்து இதை மறுத்திருக்கிறார். நெருப்பும் புகையும் துரத்தியதால், கயிறு அறுந்ததால், பிடி நழுவியதால் இறந்தார்கள். வெட்கக் கதை பின்னால் கடை நிர்வாகத்தின் பேட்டி வழியாகக் கிளம்பியது. உள்ளாடைப் பழக்கமும் ஒரே நாளில் வரவில்லை, மெல்ல மெல்லத்தான் பரவியது. வேலை பார்த்த இடத்தில் உயிர் விட்ட பெண்களை 'மானத்துக்காகச் செத்தவர்கள்' ஆக்கிவிட்டால், தீயணைப்பு ஏற்பாடு ஏன் இல்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதனால்தான் இந்தக் கதையை யாராவது பகிரும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கிறது.

கிமோனோ பெண்ணுடலை மறைப்பதற்காக உண்டானதா?

மறைப்பதைவிட, அதை வேறொரு வடிவத்துக்குக் கொண்டுவருகிறது என்று சொல்லலாம். கட்டிவிடும்போது பக்கத்தில் இருந்து பார்த்தால் புரியும். முதலில் உள்ளங்கி. இடுப்பு உள்ளே போயிருந்தால் அங்கே மடித்த துண்டைச் சுற்றிக் கட்டுவார்கள். மார்பும் அமுங்கியிருக்க வேண்டும், இடுப்பு வளைவும் தெரியக் கூடாது. தோளிலிருந்து கீழே ஒரே உருளையாக இறங்க வேண்டும். அதன் மேல் இன்னோர் அங்கி, அதன் மேல் கிமோனோ. இடது பக்கம் மேலே வர வேண்டும். வலது மேலே வந்தால் அது சவத்துக்கு உடுத்தும் முறை. உயரத்துக்கு மிஞ்சிய துணியை இடுப்பில் மடித்து, நாடாவால் இறுக்கி, மடிப்பை நேராக நீவிவிடுவார்கள். கடைசியில் நாலு மீட்டருக்கும் அதிகமான ஓபி பட்டை. பின்னால் முடிச்சுக்குள் ஒரு சின்னத் தலையணை கூட வைப்பார்கள். இழுத்துக் கட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இவ்வளவும் மூடிய பிறகு ஓர் இடத்தை மட்டும் திறந்து விடுவார்கள்: பிடரி. கழுத்துக்குப் பின்னால் காலரை ஒரு கைமுட்டி அளவுக்கு இறக்கிவிடுவது முறை. கெய்ஷாக்களுக்கு இன்னும் இறங்கும். கவர்ச்சி முழுவதும் அந்த ஓர் இடத்தில்தான். முன்னழகையும் இடுப்பையும் பார்த்தே பழகிய கண்ணுக்கு இது சட்டென்று பிடிபடாது.

கிமோனோ ஒரு பெண்ணின் நிலையையும் சொல்லும். கை நீளமாகத் தொங்கும் ஃபுரிசோதே கல்யாணமாகாதவளுக்கு. ஐந்து குடும்ப முத்திரையோடு, கீழ்ப்பகுதியில் மட்டும் சித்திரம் உள்ள கறுப்புத் தோமெசோதே கல்யாணமானவளுக்கு; பெண்ணின் அல்லது பிள்ளையின் கல்யாணத்தில் தாய் அணிவாள். ஆண்களின் கிமோனோ இந்தச் செய்தியைச் சொல்வதில்லை.

'கிமோனோ போலீஸ்' என்றால் யார்?

தெருவில் கிமோனோவில் போகும் இளம் பெண்ணை நிறுத்தி, "காலர் கோணல், இந்த மாதத்துக்கு இந்த அச்சு பொருந்தாது" என்று திருத்தும் முன்பின் தெரியாத பெரியவர்கள். சிலர் கேட்காமலே ஓபியில் கை வைத்துவிடுவார்கள். போருக்குப் பிறகு அன்றாட உடையாக இருந்த கிமோனோ விசேஷ உடையாகச் சுருங்கியது. வீட்டில் அம்மாவிடம் கற்றது போய், 1960களில் இருந்து கிமோனோ கட்டும் பயிற்சிப் பள்ளிகள் பெருகின. சான்றிதழோடு விதிகளும் பெருகின. அதற்கு முந்தைய தலைமுறையின் புகைப்படங்களைப் பாருங்கள்: தளர்ந்த காலர், ஏறி இறங்கிய மடிப்பு, சௌகரியமாக நிற்கும் பெண்கள்.

இந்த விதிகளுக்கு எதிராக மிகச் சத்தமாகக் கிளம்பிய ஊர் கிதாக்யூஷு. ஜனவரி இரண்டாம் திங்கட்கிழமையை ஒட்டி நடக்கும் இளைஞர்கள் பெரியவர்களாவதைக் கொண்டாடும் விழாவில், மற்ற ஊர்களில் பெண்கள் மாதக்கணக்கில் முன்பதிவு செய்து, விடியுமுன் சலூனில் உட்கார்ந்து, அளவாக அழகாக ஃபுரிசோதே கட்டிக்கொண்டு வருவார்கள். கிதாக்யூஷுவில் தங்கநிறம், தோளைத் திறந்த கட்டு, தலையில் ஆளுயரப் பூ. ஒழுங்கான உடையில் வாருங்கள் என்று நகர நிர்வாகமே ஒருகாலத்தில் கேட்டுக்கொண்டது. அதே உடைகள் 2023இல் நியூயார்க் ஃபேஷன் வாரத்தின் மேடை ஏறின.

கிமோனோவுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, துணியில். சோழமண்டலக் கரையிலிருந்து போர்த்துகீசிய, டச்சுக் கப்பல்களில் போன கோடு போட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானில் 'சந்தோமே' என்று பெயர். நம் சென்னையின் சாந்தோம்தான் அது. எடோ கால அரசு வணிகர்கள் பகட்டான பட்டு உடுத்தக் கூடாது என்று அடிக்கடி ஆணை போட்டது. அடங்கிய நிறத்தில், மெல்லிய கோட்டில், தொட்டால் மட்டுமே தரம் தெரியும் துணியை உடுத்துவது அப்போது நாகரிகமாயிற்று. அந்த ரசனைக்கு இந்தக் கோட்டுத் துணி கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு அங்கேயே அதே மாதிரி நெய்ய ஆரம்பித்தார்கள்.

மாலுமிச் சட்டை எப்படிப் பள்ளி மாணவியின் யூனிஃபார்ம் ஆனது?

பிரிட்டிஷ் கடற்படை உடையைப் பார்த்து. 1920களின் தொடக்கத்தில் கிறிஸ்தவ மிஷன் பள்ளிகள் இதைக் கொண்டுவந்தன. கியோட்டோவின் ஹெய்யான் பள்ளி 1920இல் மாலுமிக் காலர் வைத்த கவுனைக் கொண்டுவந்தது. ஃபுகுவோகா பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியர் எலிசபெத் லீ 1921இல் மேல்சட்டையும் மடிப்பு ஸ்கர்ட்டுமாக அறிமுகப்படுத்தினார். நோக்கம் எளிமையானது: பெண் பிள்ளைகள் ஓடியாட வேண்டும், கிமோனோவில் அது முடியாது.

அதற்கு முன் கிமோனோ மேல் ஹகாமா என்ற மடிப்புப் பாவாடை. முதலில் ஆண்களின் ஹகாமாவையே மாணவிகள் அணிந்தபோது ஆண்மைத்தனம் என்று கண்டித்து நிறுத்தினார்கள். பிறகு ஷிமோதா உதாகோ போன்ற கல்வியாளர்கள் பிளவு இல்லாத ஹகாமாவைக் கொண்டுவந்தார்கள். இன்று கல்லூரிப் பட்டமளிப்பு நாளில் பெண்கள் அணியும் 'பாரம்பரிய' உடை அதுதான்.

சுதந்திரமாக ஓட வந்த மாலுமிச் சட்டை, பிற்பாடு கட்டுப்பாட்டின் சின்னமாகவும் ஆண்களின் ஆசைப் பார்வைக்கு இலக்காகவும் ஆனது வருத்தமான திருப்பம். மாணவிகள் சும்மா இருக்கவில்லை: 1970களில் ஸ்கர்ட்டை கணுக்கால்வரை நீட்டினார்கள், 1990களில் இடுப்பில் சுருட்டித் தொடைவரை ஏற்றினார்கள், தளர்ந்த வெள்ளைக் காலுறையைக் கணுக்காலில் குவித்துவிட்டார்கள். ஸ்கர்ட் நீளம்தான் அவர்கள் கையில் இருந்த ஒரே ஆயுதம்.

பள்ளி விதிகள் இப்போதும் அவ்வளவு கடுமையா?

தளர்ந்துவருகிறது. 2017இல் ஒசாகா மாகாண அரசுப் பள்ளி மாணவி ஒருவர், இயற்கையாகவே பழுப்பான தன் கூந்தலுக்குத் திரும்பத் திரும்பக் கறுப்புச் சாயம் அடிக்கச் சொன்னார்கள் என்று வழக்குத் தொடுத்தார். 2021இல் நீதிமன்றம் 3,30,000 யென் இழப்பீடு வழங்கியது. ஆனால் அது வகுப்பறையில் அவருடைய இருக்கையை எடுத்ததற்கும் பட்டியலில் பெயரை நீக்கியதற்கும்தான். முடி விதியில் தவறில்லை என்றே தீர்ப்பு சொன்னது. அரைகுறைத் தீர்ப்பு என்பேன். ஆனாலும் அந்த வழக்கால் நாடு முழுவதும் பேச்சு எழுந்தது. கறுப்பு முடி, உள்ளாடையின் நிறம் பற்றிய விதிகளை டோக்கியோ மாநகர உயர்நிலைப் பள்ளிகள் 2022 ஏப்ரலில் கைவிட்டன. டோக்கியோவின் நகானோ பகுதி நடுநிலைப் பள்ளிகளில் 2019 முதல் எந்த மாணவியும் காரணம் சொல்லாமலே பேன்ட் தேர்ந்தெடுக்கலாம்.

'கவாய்', அதாவது செல்லமான குட்டி அழகு, என்பது பெண்களைக் குழந்தையாகவே வைத்திருக்கும் தந்திரம் இல்லையா?

இரண்டு பக்கமும் உண்டு. 1970களில் பள்ளி மாணவிகள் மெல்லிய இயந்திரப் பென்சிலில் எழுத்துகளை உருட்டி உருட்டி எழுத ஆரம்பித்தார்கள். நடுவே இதயம், நட்சத்திரம். படிக்க முடியவில்லை என்று பல பள்ளிகள் தடை செய்தன. அதை யாரும் விளம்பரம் போட்டுப் பரப்பவில்லை, பிள்ளைகளே உண்டாக்கியது. வளர்ந்தால் காத்திருப்பது தேநீர் ஊற்றும் அலுவலக வேலையும் பிறகு சமையலறையும்தான் என்று தெரிந்த பெண்கள், வளர மறுத்ததாகவும் இதைப் படிக்கலாம்.

அப்புறம் கம்பெனிகள் வந்தன. 1974இல் உருவான ஹலோ கிட்டி இன்று விமானத்தின் மேல்கூட இருக்கிறது. 2009இல் வெளியுறவு அமைச்சகம் மூன்று பெண்களைக் கவாய் தூதர்களாகவே நியமித்தது. ஒரு மாணவி நோட்டுப் புத்தகத்தில் ஒளித்து வைத்திருந்த ரசனை அரசின் ஏற்றுமதிச் சரக்காகிவிட்டது. கூடவே அலுவலகத்தில் 'கவாய்'யாக இல்லாத பெண்ணைக் குறை சொல்லவும் அதே சொல் பயன்படுகிறது.

லோலிதா உடை ஆண்களைக் கவரத்தானே?

அப்படி நினைப்பதுதான் வெளியாட்கள் செய்யும் பெரிய தவறு. மணி போல் விரிந்த பாவாடை, சரிகை, கழுத்துவரை மூடிய சட்டை, முழங்கால்வரை காலுறை, குடை: உடல் எங்கும் வெளியே தெரியாது, பக்கத்தில் யாரும் நெருங்கவும் முடியாது. ஒரு கவுனின் விலைக்கு மாதச் சம்பளத்தில் நல்ல பங்கு போய்விடும். இதை அணிகிறவர்கள் தங்களுக்காகவும் ஒருவருக்கொருவர் காட்டவும் அணிகிறார்கள். பெரும்பாலான ஆண்களுக்கு இது பிடிப்பதே இல்லை என்பதை அவர்களே சொல்வார்கள். அந்த மூன்று தூதர்களில் ஒருவரான அவோகி மிசாகோ தொழில்முறையில் ஒரு நர்ஸ். நாள் முழுக்க வார்டில் சீருடை, ஓய்வு நாளில் ரோஜா அச்சுக் கவுன்.

'க்யாரு' என்ற தெரு நாகரிகப் பாணிப் பெண்கள் முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டது ஏன்?

வெள்ளைத் தோல், கறுப்புக் கூந்தல், மெல்லிய குரல் என்ற மூன்று எதிர்பார்ப்பையும் ஒரே அடியில் உடைப்பதற்கு. 1990களின் நடுவில் ஒகினாவாவிலிருந்து வந்த பாடகி அமுரோ நமியே மாதிரி பழுப்புத் தலைமுடி, மெல்லிய புருவம், தடித்த அடிப்பாகம் வைத்த பூட்ஸ் என்று ஷிபுயா 109 கட்டடத்தைச் சுற்றித் தொடங்கியது. பத்தாண்டின் கடைசியில் அடர்ந்த பழுப்பு முகம், கண்ணைச் சுற்றி வெள்ளை என்று உச்சத்துக்குப் போனது. பத்திரிகைகள் 'மலைப் பேய்' என்ற பெயரைக் கொடுத்தன. அந்தப் பெண்கள் அதையே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளைத் தோல் மோகம் அங்கேயும் உண்டா?

உண்டு, ஆழமாக. வெள்ளைத் தோல் ஏழு குறையை மறைக்கும் என்று பழமொழியே இருக்கிறது. கோடையில் முழங்கைவரை கையுறை, குடை, முகத்தை முழுக்க மறைக்கும் தொப்பி சகஜம். சன்ஸ்கிரீன் புட்டியில் பி.ஏ. என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறிகள் பார்த்திருப்பீர்கள்; புற ஊதா 'ஏ' கதிரிலிருந்து எவ்வளவு பாதுகாப்பு என்று காட்டும் அந்த அளவுகோலை 1996இல் கொண்டுவந்தது ஜப்பான் அழகுப்பொருள் சங்கம்தான். இது மேற்கிலிருந்து வந்த ஆசை என்று சொல்ல முடியாது, அரிசிமாவுப் பூச்சும் ஈயப் பூச்சும் அங்கே அதற்கு முன்பே இருந்தன.

ஜப்பானியப் பெண்கள் எல்லாரும் ஒல்லியாக இருக்கிறார்களே, உணவுதான் காரணமா?

உணவு ஒரு காரணம். ஆனால் 2019 தேசியச் சுகாதார ஆய்வில் 20களில் உள்ள பெண்களில் ஐந்தில் ஒருவர் மருத்துவ அளவுப்படி எடை குறைந்தவர். மற்ற வசதியான நாடுகளோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். 'சிண்ட்ரெல்லா எடை' என்று சமூக வலைத்தளங்களில் மிக ஒல்லியான ஓர் எடை இலக்கு சுற்றுகிறது. பின்பற்றினால் பெண்கள் நேரே அந்தப் பட்டியலில்தான் போய் விழுவார்கள். மாதவிலக்கு நின்றுபோவது, எலும்பு தேய்வது, எடை குறைந்த குழந்தை பிறப்பது எல்லாம் தொடர்கின்றன. 2025இல் ஜப்பான் உடற்பருமன் ஆய்வுச் சங்கமே இதைத் தனி நோய்த்தொகுதியாகக் கருத வேண்டும் என்று முன்மொழிந்தது. கடையில் ஒரே அளவு எல்லோருக்கும் என்று தொங்கும் சட்டை பெரும்பாலும் மெலிந்தவருக்கு மட்டுமே பொருந்தும். நகைச்சுவைக் கலைஞர் வதனாபே நவோமி 2014இல் பெரிய அளவுகளையும் சேர்த்துத் தன் உடை பிராண்டைத் தொடங்கியபோது அது எத்தனை பேருக்கு ஆறுதலாக இருந்தது என்பதை இதை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

எது நாகரிகம் என்று அங்கே யார் தீர்மானிக்கிறார்கள்?

நீண்ட காலம் பத்திரிகைகள். 1970இல் 'ஆன்-ஆன்', 1971இல் 'நோன்-நோ' வந்தபோது அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகவும் தோழிகளோடும் பயணம் போகும் பெண்கள் ஒரு புதுக் காட்சியாக இருந்தார்கள். 1975இல் வந்த 'ஜேஜே'யும் அதன் வழியில் வந்தவையும் வேறு ரகம்: ஆண்களுக்கும் வருங்கால மாமியாருக்கும் பிடிக்கும் வகையில் உடுத்துவது எப்படி என்று சொல்லித் தந்தன. அவற்றில் வழக்கமான பகுதி ஒன்று உண்டு. பத்துப் பதினைந்து உடைகளை வைத்து ஒரு மாதம் ஓட்டுவது எப்படி என்று நாள் வாரியாகப் படம். கூடவே ஒரு கற்பனை நாயகி. செவ்வாய்க்கிழமை மீட்டிங், வெள்ளிக்கிழமை டேட்டிங், மாதக் கடைசியில் காதல் கைகூடும். உடை யோசனை என்ற பெயரில் ஒரு வாழ்க்கைத் திட்டமே அதில் இருந்தது. இருபதுக்கு ஒன்று, முப்பதில் தாயானவருக்கு ஒன்று, நாற்பதுக்கு ஒன்று என்று வயதுக்கு ஒரு பத்திரிகையும் இருந்தது. இப்போது இன்ஸ்டாகிராம் அந்த இடத்தைப் பிடித்து, மாத இதழ்கள் பல சுருங்கிவிட்டன.

இதையெல்லாம் உடைத்த வடிவமைப்பாளர்கள் இல்லையா?

கவகுபோ ரெய். உடை வடிவமைப்பு படிக்காதவர். கெய்யோ பல்கலைக்கழகத்தில் கலையும் அழகியலும் படித்தார். 1969இல் 'கோம் தெ கார்சோன்' தொடங்கி, 1981இல் பாரிஸ் போனார். கறுப்பு, ஓட்டை, கிழிசல், உடலோடு ஒட்டாத துணி. அணுகுண்டுக்குப் பிந்தைய கோலம் என்று ஐரோப்பியப் பத்திரிகைகள் சில கொச்சைப்படுத்தின. 1997 வசந்தகால வரிசையில் முதுகிலும் இடுப்பிலும் தோளிலும் பஞ்சுப் பொதிகள் வைத்துத் தைத்தார். பெண்ணின் உடல் எங்கே புடைத்திருக்க வேண்டும், எங்கே ஒடுங்கியிருக்க வேண்டும் என்ற கணக்கையே கலைத்த உடைகள் அவை. எத்தனை முறை அந்தப் படங்களைப் பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

வேலை தேடும் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி இருக்கிறார்களே?

கல்லூரி கடைசி ஆண்டை ஒட்டி 'ரெக்ரூட் சூட்' காலம் வரும். கறுப்பு சூட், வெள்ளைச் சட்டை, பின்னால் ஒற்றைக் குடுமி, தோல் நிறக் காலுறை, 3 முதல் 5 சென்டிமீட்டர் குதிகால் வைத்த கறுப்பு ஷூ, தரையில் வைத்தால் சாயாமல் நிற்கும் கறுப்புப் பை. மேக்கப் போடாவிட்டால் மரியாதைக் குறைவு, போட்டது தெரிந்தாலும் குறை. இதில் எதுவும் சட்டம் கிடையாது. சூட் கடைகளும் வழிகாட்டிப் புத்தகங்களும் கல்லூரி வேலைவாய்ப்பு மையங்களும் சேர்ந்து கட்டிய எழுதாத விதி. 1980களில் மாணவிகள் கொஞ்சம் நிறமும் அச்சும் கலந்து போன படங்கள் இருக்கின்றன. வேலைச் சந்தை இறுகியபோது நிறமும் வடிந்துவிட்டது.

ஹை ஹீல்ஸுக்கு எதிரான போராட்டம் என்ன ஆனது?

இஷிகாவா யூமி என்ற நடிகையும் எழுத்தாளருமான பெண், இறுதிச் சடங்கு நிலையம் ஒன்றில் பகுதிநேர வேலை பார்த்தார். பெண்களுக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் ஹீல்ஸ் கட்டாயம்; பக்கத்திலேயே அதே வேலை பார்த்த ஆண்களுக்குத் தட்டை ஷூ. 2019 ஜனவரியில் ட்விட்டரில் இதை எழுதினார், 'குடூ' என்ற பெயரில் அது பரவியது; ஷூ, வலி என்ற இரண்டு ஜப்பானியச் சொற்களையும் 'மீ டூ'வையும் கலந்த பெயர் அது. ஜூனில் 18,000க்கும் மேற்பட்ட கையெழுத்தோடு தொழிலாளர் அமைச்சகத்தில் மனு கொடுத்தார். அப்போதைய அமைச்சர் நெமோதோ தகுமி, வேலைக்குத் தேவையானது என்று சமூகம் ஏற்கும் எல்லைக்குள் இருந்தால் சரிதான் என்ற பொருளில் நாடாளுமன்றக் குழுவில் பதில் சொன்னார். கட்டாயப்படுத்துவது கூடாது என்று அதே அமைச்சகத்தின் துணை அமைச்சர் தகாகாய் எமிகோ சொன்னார்.

சட்டம் வரவில்லை. ஆனால் ஜப்பான் ஏர்லைன்ஸ் 2020 ஏப்ரலில் விமானப் பணிப்பெண்களுக்கு ஹீல்ஸ் கட்டாயத்தை நீக்கி, பேன்ட்டும் அணியலாம் என்று மாற்றியது. மற்ற நிறுவனங்களும் மெல்ல வந்தன. இஷிகாவாவுக்குக் கிடைத்த வசவு கொஞ்சமல்ல; "ஒரு ஷூவுக்கு இவ்வளவா" என்றார்கள். நாள் முழுதும் நின்று ரத்தம் கட்டிய கால்விரல் யாருடையதோ அவர்தான் அதைச் சொல்ல முடியும்.

கண்ணாடி போடக் கூடாது என்று கூடவா சொன்னார்கள்?

சொன்னார்கள். 2019 நவம்பரில் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் செய்தியானது. வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் கண்ணாடி போட்டால் முகம் கடுமையாகத் தெரியும், கிமோனோவுக்குப் பொருந்தாது என்றெல்லாம் காரணம் சொல்லப்பட்டது. ஆண்களுக்கு அந்த விதி இல்லை.

பெண்மையை நடித்துக் காட்டும் ஆண்களும், ஆண்மையை நடித்துக் காட்டும் பெண்களும் அங்கே கொண்டாடப்படுகிறார்களே, அது முரண் இல்லையா?

1629இல் பெண்கள் கபுகி என்ற மரபு நாடக மேடையேறத் தடை வந்தது. அதன் பிறகு 'ஒன்னகாதா' என்ற ஆண் நடிகர்கள் பெண் வேடத்தை ஒரு கலையாக வளர்த்தார்கள்: முழங்காலை ஒட்டி நடப்பது, தோளை இறக்குவது, விரலைச் சேர்த்து வைப்பது. நிஜப் பெண்களே அவர்களைப் பார்த்து உடையையும் கொண்டையையும் பழகினார்கள். 1913இல் தொடங்கிய தகராஸுகா இசை நாடகக் குழுவில் எல்லாப் பாத்திரமும் பெண்களுக்கே. ஆண் வேடம் போடும் நடிகையர் காலை அகட்டி உட்காருவதை வருஷக்கணக்கில் பயில்கிறார்கள். அரங்கம் நிறையப் பெண் ரசிகர்கள். எனக்கு இதில் முரண் தெரியவில்லை. இரண்டு மேடைகளும், இது பயின்று வருவது என்பதை ஒளிக்காமல் காட்டுகின்றன.

ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறேன். என்ன உடுத்துவது?

பயப்பட வேண்டாம். இந்தியர் நிறைய வாழும் டோக்கியோவின் நிஷிகசாய் பக்கம் போனால் சுடிதாரும் புடவையும் யாரையும் திரும்பிப் பார்க்க வைக்காது. அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள், மென்பொருள் நிறுவனங்களில் சாதாரண உடை போதும், வங்கியில் போதாது. முட்டிக்கு மேல் ஸ்கர்ட் அங்கே சாதாரணம், ஆனால் கழுத்து இறங்கிய சட்டையும் தோள் தெரியும் உடையும் அலுவலகத்தில் கண்ணை உறுத்தும். சென்டை மிகக் குறைவாகப் போடுங்கள், மல்லிகைப் பூவின் வாசனையே ரயிலில் சிலருக்கு அதிகம். வீடு, பழைய பாணி உணவகம், சில மருத்துவமனைகளில் காலணியைக் கழற்ற வேண்டியிருக்கும். எளிதில் கழலும் ஷூவும் ஓட்டையில்லாத சாக்ஸும் வைத்துக்கொள்ளுங்கள். தோழிகள் கிமோனோ கட்டிவிடக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள், வெளிநாட்டார் அணிவதைப் பெரும்பாலானோர் சந்தோஷமாகவே பார்க்கிறார்கள். கட்டுவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம்.